கேலிக் கால்பந்தாட்டமும் கோல் காவலரும்

பந்தாட்டக் களத்தில் பதினான்கு பேர் ஓடிக்கொண்டிருக்க, ஒருவர் மட்டும் இரு கம்பங்களுக்கு நடுவே தனித்து நிற்பார். ஆட்டம் வென்றால் மாலை கோல் போட்டவருக்கு விழும். தோற்றால் பழி கோலைக் காத்தவர் தலையில் விழும். பிறர் நூறு முறை தவறலாம். அவர் ஒரு முறை தவறினால் அது பல்லாண்டுகளுக்கு மறக்கப்படுவதில்லை. கோல்கீப்பர் என்று உலகெங்கும் வழங்கும் இந்தக் கோல் காவலரைப் பற்றியே நாம் இங்கே பேசப் புகுகின்றோம்.

மதிலை வளைத்துப் பொருவதை உழிஞை என்றும், மதிலினுள் நின்று காப்பதை நொச்சி என்றும் நம் புறப்பொருள் இலக்கணம் பகுத்து வைத்தது. காத்தலும் ஒரு வீரமே என்று அது மதித்தது. ஆனால் நொச்சி சூடியவனே மதிலைவிட்டு வெளிவந்து, படையை நடத்தி, பகைவரின் மதிலையும் வளைக்கத் தொடங்கினால் அதனை என்னவென்று கூறுவது? அயர்லாந்து நாட்டின் சொந்த விளையாட்டாகிய கேலிக் கால்பந்தாட்டத்தில் அத்தகைய மாற்றமே நிகழ்ந்துள்ளது. அது நிகழ்ந்த விதத்தையும், அதனால் எழுந்த வழக்கையும் வரலாற்று முறையில் காண்போம்.

முதற்கண் அவ்வாட்டத்தின் இயல்பைச் சுருக்கமாக அறிந்துகொள்ள வேண்டும். இது நாம் நன்கறிந்த கால்பந்தாட்டம் அன்று. இங்கிலாந்தின் ரக்பி ஆட்டமும் அன்று. அணிக்குப் பதினைவர் ஆடுவர். பந்து உருண்டையானது. அதைக் காலால் உதைக்கலாம், கையால் பற்றலாம், முட்டியால் குத்தி அனுப்பலாம். கையில் ஏந்தியவர் நான்கு அடிக்கு மேல் அப்படியே ஓடலாகாது. தரையில் ஒரு முறை தட்ட வேண்டும், அல்லது கால்விரலால் மேலே தூக்கித் தம் கைக்கே திருப்பிக்கொள்ள வேண்டும். கோல் கம்பங்கள் ஆங்கில ‘எச்’ எழுத்தின் வடிவில் உயர்ந்து நிற்கும். குறுக்குக் கம்பத்தின் கீழே பந்து புகுந்தால் கோல். அதற்கு மூன்று புள்ளி. குறுக்குக் கம்பத்திற்கு மேலே, இரு கம்பங்களுக்கு இடையே பறந்து சென்றால் ஒரு புள்ளி. மேலே செல்லும் பந்தை, தாழ்வாக வருவதைத் தவிர, காவலரால் ஒன்றும் செய்ய இயலாது. ஆதலால் அவர் காப்பது கோல் ஒன்றையே. கோலின் மதிப்பு உயர்ந்தால் காவலரின் மதிப்பும் உயரும். அது தாழ்ந்தால் இதுவும் தாழும். இவ்வுண்மையை நாம் நினைவிற்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

1884-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், டிப்பரரி மாவட்டத்தில் தர்லஸ் என்னும் ஊரில், ஹேய்ஸ் ஓட்டலில் ஒரு சிலர் கூடினர். மைக்கேல் கியூசாக் என்ற ஆசிரியரும், மாரிஸ் டேவின் என்ற புகழ்பெற்ற தடகள வீரரும் அவர்களுள் முதன்மையானவர். அயர்லாந்து அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. ஆள்வோரின் ஆட்டங்களே நாகரிகத்தின் அடையாளம் என்று கருதப்பட்ட அந்நாளில், தம் மக்களின் ஆட்டங்கள் அழிந்து போகாமல் காக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு அவர்கள் கேலிக் விளையாட்டுக் கழகத்தை நிறுவினர். கேஷல் நகரப் பேராயர் குரோக் அதன் புரவலரானார். இன்று டப்ளின் நகரில் இறுதிப் போட்டிகள் நிகழும் குரோக் பார்க் அவர் பெயர் தாங்கியதே.

அக்களம் விளையாட்டை மட்டும் கண்டதன்று. 1920-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், டப்ளினும் டிப்பரரியும் ஆடிக்கொண்டிருந்தபோது, அரசுப் படையினர் உள்ளே புகுந்து மக்களைச் சுட்டனர். பதினால்வர் உயிர் நீத்தனர். டிப்பரரி அணியின் தடுப்பாட்டக்காரர் மைக்கேல் ஹோகன் அவர்களுள் ஒருவர். அவர் பெயரால் இன்றும் அங்கே ஒரு பார்வையாளர் மாடம் நிற்கின்றது. எனவே அயர்லாந்து மக்களுக்கு இவ்வாட்டத்தின் விதிகளில் ஒன்றை மாற்றுவதென்பது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. தங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் மரத்தை வெட்டலாமா, வேண்டாமா என்பது போன்ற வினா அது.

டேவின் வகுத்த முதல் விதிகள் 1885-இல் வெளிவந்தன. அணிக்கு இருபத்தொருவர் வரை ஆடலாம். கோலின் அகலம் பதினைந்து அடி. உயரம் எட்டு அடி. தொடக்கத்தில் கோலைத் தவிர வேறு கணக்கே கிடையாது. இருபக்கமும் நாற்பதுக்கு மேற்பட்டோர் நெருக்கியடித்து நிற்கும் களத்தில் அவ்வளவு சிறிய வாயிலில் பந்தைப் புகுத்துவது எளிதா? ஆட்டங்கள் பல கோலின்றி முடிந்தன. அக்குறையை நீக்கவே கோலின் இருபுறத்திலும் கூடுதல் கம்பங்கள் நட்டு, அவற்றிடையே செல்லும் பந்துக்குப் புள்ளி என்ற வழக்கத்தைக் கொண்டு வந்தனர். ஆயினும் ஒரு கோல் எத்தனை புள்ளிகளையும் விஞ்சி நின்றது. ஒரு முறை காவலர் ஏமாந்தால், அவருடைய அணி பத்துப் புள்ளி எடுத்திருந்தாலும் தோற்றதே ஆகும்!

இந்தக் கடுமை நீடிக்கவில்லை. 1892-இல் அணி பதினேழு பேராகக் குறைந்தது; ஒரு கோல் ஐந்து புள்ளிக்குச் சமம் என்று வகுத்தனர். 1896-இல் அது மூன்று புள்ளியாயிற்று. 1910-இல் பக்கக் கம்பங்கள் அகன்று, ‘எச்’ வடிவக் கோல் வந்தது. 1913-இல் அணிக்குப் பதினைவர் என்பது உறுதியாயிற்று. ஆள் குறையக் குறையக் களம் விரிந்தது. ஓட்டமும் நெடிய உதையும் சிறந்தன. கோல் காவலரின் கடமை மட்டும் மாறவில்லை. வாயிலில் நில், வருவதைத் தடு, தடுத்ததைக் கண்காணாத் தொலைவுக்கு உதை. இவ்வளவே அவருக்கு அளிக்கப்பட்ட ஆணை.

அந்நாளையக் காவலர்களின் வாழ்க்கை கரடுமுரடானது. மழையில் நனைந்த தோற்பந்து கல்லைப்போல் கனக்கும். பந்தைப் பற்றிய காவலரைத் தோளால் மோதிப் பந்தோடு சேர்த்துக் கோலுக்குள் தள்ளிவிடலாம் என்று எதிரணியினர் பாய்ந்து வருவர். காவலருக்குக் கைத்திறன் வேண்டும். அதைவிட மிகுதியாக உடலுரமும், அடி வாங்கி அசையாத நெஞ்சும் வேண்டும். விதிகள் பின்னர் இரக்கம் காட்டின. கோலின் முன்னே பதினான்கு மீட்டர் அகலமும் நாலரை மீட்டர் ஆழமும் உள்ள சிறு கட்டத்தினுள் காவலரை உடலால் மோதலாகாது. பந்துக்காக மட்டுமே அவரோடு போட்டியிடலாம் என்பது இன்றைய சட்டம். பிறர் தரையில் கிடக்கும் பந்தைக் காலால் தூக்கியே எடுக்க வேண்டும். காவலர் அந்தக் கட்டத்தினுள் நேரே கையால் எடுத்துக்கொள்ளலாம்.

பழைய தலைமுறைக் காவலருள் தலைசிறந்தவர் என்று பலரும் கூறுவது கெர்ரி மாவட்டத்தின் டானோ ஓகீஃப் அவர்களை. 1931 முதல் 1946 வரையுள்ள காலத்தில் அவர் ஏழு அகில அயர்லாந்துப் பதக்கங்களைப் பெற்றார். அவ்வளவு பதக்கங்களை அவருக்கு முன் எவரும் பெற்றதில்லை. 1947-இல் அயர்லாந்திலிருந்து குடியேறிய மக்களுக்காக இறுதிப் போட்டி நியூயார்க் நகரத்துப் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் நடந்தபோதும் கெர்ரியின் கோலில் நின்றவர் அவரே. அன்று கேவன் மாவட்டம் 2 கோல் 11 புள்ளி எடுத்து, 2 கோல் 7 புள்ளி எடுத்த கெர்ரியை வென்றது.

அந்த ஆட்டத்தோடு வானொலிக்கும் ஓர் உறவு உண்டு. அதனை இவ்விடத்தில் கூறாமல் விட நமக்கு மனம் வரவில்லை. கடல் கடந்து செய்தி அனுப்பும் கம்பித் தொடர்பைக் குறித்த நேரம் வரைக்குமே வாடகைக்குப் பெற்றிருந்தனர். ஆட்டம் தாமதமாகத் தொடங்கியதால், முடிவதற்குள் தொடர்பு அறுந்துவிடும் என்ற நிலை ஏற்பட்டது. வருணனையாளர் மைக்கேல் ஓஹெஹிர், இன்னும் ஐந்தே நிமிடம் தருமாறு ஒலிபரப்பின் நடுவிலேயே வேண்டிக்கொண்டார். முகம் அறியாத எவரோ ஒருவர் இரங்கித் தொடர்பை நீட்டித்தார். அயர்லாந்தின் சிற்றூர்களில் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்த மக்கள் முடிவைக் கேட்டறிந்தனர். தாம் காணாத ஆட்டத்தை ஒரு நாடே காதால் கண்ட காலம் அது.

1960-களில் காவலர் கலை மெருகேறிற்று. கால்வே மாவட்டம் 1964, 1965, 1966 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வாகை சூடிற்று. அதன் காவலர் ஜானி ஜெராட்டி. அம்மூன்று இறுதிப் போட்டிகளிலும் எதிரணி ஒரு கோல்கூடப் போடவில்லை என்பது நினைக்கத் தக்கது. 1973-இல் கார்க் மாவட்டம் வென்றபோது அதன் தலைவராக இருந்து கோப்பையைப் பெற்றவர் கோல் காவலர் பில்லி மார்கன். கம்பங்களுக்கிடையே நிற்பவரும் ஓர் அணிக்குத் தலைமை தாங்கலாம் என்பதை அது காட்டிற்று. வடபுலத்து நியூரி நகரில் சிறுவனாக இவ்வாட்டத்தை ஆடிய பாட் ஜென்னிங்ஸ், பின்னர்ச் சாதாரணக் கால்பந்தாட்டத்தில் உலகறிந்த காவலரானார். உயரப் பந்தை ஒரு கையாலேயே பற்றும் அவருடைய திறத்திற்கு வித்திட்டது கேலிக் ஆட்டமே என்பர்.

காவலர் பெயர் எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு தாழ்கிறது என்பதற்கு டப்ளினின் பாடி கல்லன் வாழ்க்கையே சான்று. 1974 இறுதிப் போட்டியில் கால்வேயின் லியாம் சாமன் உதைத்த பெனால்டியைத் தடுத்து அவர் தம் அணியின் வெற்றிக்கு வழிகோலினார். நாடே போற்றிற்று. நான்காண்டுகள் கழிந்து, 1978-இல் கெர்ரியோடு இறுதி ஆட்டம். காவலர் பிழை செய்தார் என்று நடுவர் ஊதினார். கோலைவிட்டு வெளியே வந்திருந்த கல்லன் நடுவரிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் கெர்ரியின் மிக்கி ஷீஹி பந்தை வைத்தார், மெல்ல உதைத்தார். பின்னோக்கி ஓடிவந்த காவலரின் தலைக்கு மேலே பறந்து பந்து கோலில் விழுந்தது. கெர்ரி 5 கோல் 11 புள்ளி எடுத்தது. டப்ளின் 9 புள்ளியோடு நின்றது. மூன்று பதக்கம் பெற்ற கல்லனை நினைப்போர் இன்றும் அந்த ஒரு கணத்தையே முதலில் நினைக்கின்றனர். காவலர் தொழிலின் கொடுமை இதுதான்.

அதன் பெருமையையும் ஷீஹியின் கதையே காட்டுகின்றது. 1982-இல் கெர்ரி தொடர்ந்து ஐந்தாம் முறையாக வெல்லும் நிலையில் இருந்தது. எவரும் அதுவரை அடையாத சிறப்பு அது. எதிரே நின்றது ஆஃபலி என்னும் சிறு மாவட்டம். ஷீஹி பெனால்டி உதைத்தார். ஆஃபலியின் மார்ட்டின் ஃபர்லாங் பாய்ந்து தடுத்தார். ஆட்டம் முடியச் சற்று முன்னர் சேமஸ் டார்பி கோல் அடிக்க, ஒரே புள்ளி வேறுபாட்டில் ஆஃபலி வென்றது. கோல் அடித்த டார்பியின் பெயரை அறியாதார் அங்கில்லை. ஃபர்லாங் அன்று தடுத்திராவிட்டால் டார்பியின் கோலுக்கு வேலையே இருந்திராது.

இதுவரை நாம் கண்டவர் அனைவரும் மதிலைக் காத்தவர்களே. இனித்தான் மாற்றம் தொடங்குகின்றது. அதற்குக் காரணமாக அமைந்தது ‘கிக்-அவுட்’ எனப்படும் வெளியுதை.

ஒவ்வொரு கோலுக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும், எதிரணி உதைத்து வெளியே போன ஒவ்வொரு பந்துக்கும் பின்னர், கோலருகே இருந்து பந்தை உதைத்து ஆட்டத்தை மீண்டும் தொடங்க வேண்டும். முற்காலத்தில் அது ஒரு சடங்குபோல் கருதப்பட்டது. பல அணிகளில் காவலர் அதை உதைப்பதுகூட இல்லை. வலிய கால் உடைய பின்வரிசை வீரர் ஒருவர் வந்து உதைத்துச் செல்வார். பந்து எவ்வளவு தொலைவு செல்கிறதோ அவ்வளவும் நன்று. நடுக்களத்தில் நான்கைந்து பேர் ஒருங்கே எழும்பி அதைப் பற்றப் போட்டியிடுவர். 1959-இல் கெர்ரியின் தலைவராக விளங்கிய மிக் ஓகானல் போன்றோர் வானோக்கி எழுந்து பந்தைப் பற்றும் காட்சியே இவ்வாட்டத்தின் அழகு என்று மக்கள் போற்றினர்.

அழகு உண்டு, ஆனால் கணக்குப் பார்த்தால் அது சூதாட்டம். நடுவில் விழும் பந்து இருவருக்கும் பொது. தம்முடைய பந்தைத் தாமே பொதுவில் எறிந்துவிட்டுப் பாதியாவது திரும்பி வருமா என்று காத்திருப்பதற்கு அது ஒப்பாகும். ஓர் ஆட்டத்தில் இத்தகைய வாய்ப்பு எத்தனை முறை வருகின்றது என்பதை எண்ணிப் பார்ப்போம். 2011 இறுதிப் போட்டியில் டப்ளின் 1 கோல் 12 புள்ளியும், கெர்ரி 1 கோல் 11 புள்ளியும் எடுத்தன. அதாவது இருபத்தைந்து முறை பந்து கோலிலோ கம்பங்களுக்கு மேலோ சென்றது. வெளியே போனவற்றைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் பெருகும். களத்தில் வேறு எந்தச் செயலும் இவ்வளவு ஒழுங்காக, இவ்வளவு அடிக்கடி ஒரே மனிதரின் காலடியில் வந்து நிற்பதில்லை. இதனை உணர்ந்த பயிற்சியாளர்கள், காவலரின் கைகளைவிட அவருடைய கால்களை ஆராயத் தொடங்கினர்.

அவ்வாராய்ச்சியின் முழு உருவம் டப்ளினின் ஸ்டீபன் கிளக்ஸ்டன். தொழிலால் பள்ளி ஆசிரியர். இவ்வாட்டத்தில் எவருக்கும் சம்பளம் இல்லை என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். உழவரும் ஆசிரியரும் எழுத்தரும் வேலை முடிந்த மாலைகளில் பயின்று, எண்பதினாயிரம் பேர் முன்னிலையில் ஆடுகின்றனர். கிளக்ஸ்டன் 2001-இல் மாவட்ட அணியில் இடம் பெற்றார். பந்து வெளியே போனவுடன் அடுத்த பந்தை வைத்துவிடுவார். எதிரணி அணிவகுத்து நிற்பதற்குள், வெற்றிடத்தை நோக்கி ஓடும் தம் அணியினரின் மார்பளவில் பந்து சென்று சேரும். சில வேளை குறுகிய தொலைவு. சில வேளை அறுபது கஜம். எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய அவருக்குக் கிடைப்பது ஒரு சில நொடிகளே.

2011 இறுதிப் போட்டியில் டப்ளின் நான்கு புள்ளி பின்தங்கியிருந்து, கெவின் மெக்மானமன் அடித்த கோலால் உயிர் பெற்றது. இரு அணியும் சமநிலையில் நிற்க, நேரம் முடியும் தறுவாயில் டப்ளினுக்கு ஒரு பிரீ கிக் கிடைத்தது. உதைக்க வந்தவர் முன்வரிசை வீரர் அல்லர். தம் கோலைவிட்டு களத்தின் நீளம் முழுவதும் நடந்து வந்த கிளக்ஸ்டன். பந்து கம்பங்களுக்கிடையே பறந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் கோப்பை டப்ளினுக்கு வந்தது. அவர் ஆரவாரம் செய்யவில்லை; திரும்பித் தம் கோலை நோக்கி ஓடினார். 2013-இலும், பின்னர் 2015 முதல் 2020 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகளும், அவர் தலைமையில் டப்ளின் வென்றது. 2019-இல் நாட்டின் அவ்வாண்டுக்குரிய சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். 2023-இல் மீண்டும் களம் புகுந்து ஒன்பதாவது பதக்கத்தையும் அடைந்தார்.

ஒருவர் வெற்றி பெற்றால் ஊரே அவ்வழியில் நடக்கும். ஆனால் கரணம் தப்பினால் மரணம் என்ற பழமொழி குறுகிய வெளியுதைக்கு மிகப் பொருந்தும். 2014 இறுதிப் போட்டியில் டொனெகால் மாவட்டத்தின் பால் டர்கன் பந்தைக் குறுகத் தள்ளினார். அதனைக் கெர்ரியின் கீரன் டானஹி இடைமறித்தார். எதிரே வெற்றுக் கோல்! அந்தக் கோல் கெர்ரியின் வெற்றிக்குப் பெருந்துணையாயிற்று. நெடிய உதை நடுவில் தோற்றால் ஒரு புள்ளி போகலாம். குறுகிய உதை தோற்றால் கோட்டையே போய்விடும்.

2016-இல் நடந்தது இன்னும் சிந்திக்கத் தக்கது. டப்ளினும் மேயோவும் ஆடிய இறுதிப் போட்டி சமநிலையில் முடிந்தது. மறு ஆட்டத்திற்கு மேயோ தன் காவலர் டேவிட் கிளார்க்கை நிறுத்திவைத்து, ராப் ஹென்னலியை இறக்கிற்று. பந்தைத் தடுப்பதில் கிளார்க்குக்கு இணை இல்லை. அவ்வாண்டின் சிறந்த பதினைவர் அணியிலும் அவரே காவலர். ஆயினும் உதைக்கும் ஆற்றல் வேண்டியே மாற்றம் செய்யப்பட்டது என்று அனைவரும் கொண்டனர். ஹென்னலி ஒரு பெனால்டிக்குக் காரணமாகிக் கறுப்பு அட்டை பெற்று வெளியேறினார். கிளார்க் அவசரமாக உள்ளே வந்து நிற்க, முதல் வேலையாக அப்பெனால்டியை எதிர்கொண்டார், அது கோலாயிற்று. மேயோ ஒரே புள்ளியில் தோற்றது. கோலைக் காப்பதில் வல்லவரை, உதைப்பதில் வல்லவருக்காக விலக்கும் காலம் வந்துவிட்டது என்பதை அந்த நாள் எல்லோர்க்கும் உணர்த்திற்று.

அதன்பின் காவலர் வாயிலில் நிற்பதையே விட்டார். மொனஹனின் ரோரி பெகனும், 2021-இல் வாகை சூடிய டைரோனின் நயால் மார்கனும் தொலைதூரப் பிரீ கிக்குகளை உதைத்துப் புள்ளி சேர்த்தனர். பந்து தம் அணியிடம் உள்ளபோது நடுக்களத்தைக் கடந்தும் சென்றனர். ஆர்மாவின் ஈதன் ரஃபர்ட்டி முன்வரிசையில் ஆடிப் பழகியவர், அவரையே காவலராக்கினர். 2022-இல் கெர்ரிக்காகக் கோல் காத்த ஷேன் ரையன் தம் ஊர் அணிக்கு முன்வரிசையில் ஆடுபவர். டௌன் மாவட்டக் காவலர் சார்லி ஸ்மித்தின் உதையைக் கண்ட அமெரிக்கர், 2024-இல் தங்கள் நாட்டுப் பந்தாட்டத்திற்கே அவரை ஒப்பந்தம் செய்துகொண்டனர். டானோ ஓகீஃப் காலத்தவர் இவற்றைக் கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

மாற்றம் முழுவதும் நன்மையா? இங்கேதான் வழக்கு எழுந்தது. பதினைந்தாம் ஆள் ஆட்டத்தில் கலந்துகொண்டதால், எதிரணி எவ்வளவு நெருக்கினாலும் பந்து வைத்திருக்கும் அணிக்கு ஒருவர் மிகையாகவே இருந்தார். நெருக்கடி வந்தால் பந்து காவலரிடம் திரும்பும். அவரிடமிருந்து பக்கவாட்டில் செல்லும். மீண்டும் அவரிடமே வரும். எதிரணியோ தன் கோலின் முன்னே கும்பலாகத் திரண்டு நிற்கும். வானோக்கிப் பாய்ந்து பந்தைப் பற்றும் காட்சி அரிதாயிற்று. நடுக்களத்தில் நெடிய வெளியுதையை நேரே பற்றியவருக்கு நின்று உதைக்கும் உரிமை அளித்து 2017-இல் ஒரு விதி செய்தனர். அது போதவில்லை. முதியோர் சலித்தனர், இளையோர் சிலரும் சலித்தனர். மக்களின் ஆட்டத்தைக் காக்க எழுந்த கழகம், அம்மக்களே அதைக் காணச் சலிக்கும் நிலையில் வாளாவிருக்க இயலுமா?

2024-இல் கால்பந்தாட்டத்தை மறு ஆய்வு செய்ய ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஜிம் கேவின். கிளக்ஸ்டனைத் தலைவராகக் கொண்டு டப்ளினுக்குப் பல கோப்பைகளைத் தேடித்தந்த பயிற்சியாளர் இவரே. காவலரின் காலால் பெரும்பயன் பெற்றவரே அக்காலுக்குக் கட்டு விதிக்க நேர்ந்தது காலத்தின் விந்தை. அவர் குழு வகுத்த விதிகள் 2025 முதல் நடைமுறைக்கு வந்தன. கோலிலிருந்து நாற்பது மீட்டர் தொலைவில் ஒரு வளைகோடு வரையப்பட்டது. வெளியுதை அக்கோட்டைக் கடந்தே செல்ல வேண்டும். அக்கோட்டுக்கு வெளியிலிருந்து உதைத்துக் கம்பங்களுக்கு மேலே அனுப்பினால் இரண்டு புள்ளி. ஒவ்வோர் அணியும் எதிரணியின் பாதியில் மூவரையேனும் நிறுத்த வேண்டும். காவலர் தம் பாதியில் இருக்கும்போது, அவரும் பந்தைத் தருபவரும் பெரிய கட்டத்தினுள் இருந்தாலன்றி, தம் அணியினரிடமிருந்து பந்தைப் பெறலாகாது. நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியின் பாதிக்குச் சென்றுவிட்டால் அத்தடை இல்லை.

பயன் உடனே தெரிந்தது. நடுக்களத்தில் மீண்டும் பந்துக்காக எழும்பினர். 2025 இறுதிப் போட்டியில் கெர்ரி 1 கோல் 26 புள்ளியும், டொனெகால் 19 புள்ளியும் எடுத்தன. 1965 இறுதிப் போட்டியில் கால்வே 12 புள்ளி, கெர்ரி 9 புள்ளி என்பதை இதனோடு ஒப்பிட்டால் ஆட்டம் எவ்வளவு மாறியுள்ளது என்பது புலனாகும். ஆட்ட நேரம் அறுபது நிமிடத்திலிருந்து எழுபது நிமிடமாயிற்று என்பது உண்மையே. ஆயினும் வேறுபாட்டை அதுமட்டும் விளக்காது. புள்ளிகள் மலிய மலிய ஒரு கோலின் ஒப்பு மதிப்புக் குறைகின்றது. 1885-இல் ஒரு கோல் ஆட்டம் முழுவதற்கும் சமம். இன்று அது தொலைதூர உதை ஒன்றினும் ஒரு புள்ளியே கூடுதல். வாயிலை மட்டும் காப்பவரின் விலை இறங்கியதற்கு இக்கணக்கே அடிப்படை.

அப்படியாயின் புதிய விதிகள் காவலரைப் பழைய நிலைக்கே தள்ளிவிட்டனவா? இல்லை என்றே நாம் கருதுகின்றோம். குறுகிய உதை தடைப்பட்டதால், நாற்பது மீட்டருக்கு அப்பால் குறி தவறாமல் அனுப்பும் கால் முன்னினும் அருமையாயிற்று. இரு புள்ளி தரும் தொலைதூர உதைக்குக் காவலரின் காலே சில அணிகளுக்கு நம்பிக்கை. நடுக்கோட்டைக் கடக்கும் வழியும் அடைபடவில்லை. விதி, காவலரின் சோம்பலான பயனைத் தடுத்தது. துணிவான பயனைத் தடுக்கவில்லை. இது நுட்பமான வேறுபாடு. நல்ல சட்டத்தின் இலக்கணமும் இதுவே.

எனினும் ஒரு பக்கத்தின் வருத்தத்தையும் நாம் கேட்க வேண்டும். கிளக்ஸ்டன் கண்டது எவரும் தானமாகத் தந்ததன்று. மாலை மாலையாக, ஊதியமின்றி, ஒரே இடத்தில் நின்று ஆயிரம் ஆயிரம் முறை உதைத்துக் கண்ட கலை அது. கற்றவர் பலராகியதும் அக்கலையின் ஒரு பகுதியைச் சட்டத்தால் மூடிவிட்டால், புதிது காண்பவருக்கு அது தண்டனை ஆகாதா என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் ஆட்டம் ஒருவருடைய உடைமை அன்று. ஆடுபவர், காண்பவர், இனி ஆடப் போகும் சிறுவர் ஆகிய மூவரின் பொதுச் சொத்து. அதன் விதிகளை அவ்வப்போது அவையில் வைத்து, வாதிட்டு, வாக்களித்து மாற்றிக்கொள்ளும் முறையை அயர்லாந்து மக்கள் நூற்று நாற்பது ஆண்டுகளாகக் காத்து வருகின்றனர். அவர்கள் ஆட்சியுரிமை பெறுவதற்கு முன்னரே இவ்வாட்ட அவையில் தம்மைத் தாமே ஆளக் கற்றனர் என்றால் அது மிகையாகாது.

நாம் தொடங்கிய இடத்திற்கே திரும்புவோம். இரு கம்பங்களுக்கு நடுவே ஒருவர் இன்றும் தனித்தே நிற்கின்றார். ஆயினும் பந்து எங்கே செல்ல வேண்டும் என்று களத்தில் முதலில் முடிவு செய்பவர் இப்போது அவரே. நொச்சியும் உழிஞையும் ஒருவரிடமே வந்து சேர்ந்தன. அவர் பொறுப்பு வளர்ந்தது, புகழ் வளர்ந்தது. பழி மட்டும் பழைய அளவில்தான் நிற்கின்றது. அவர் தவறினால் பின்னால் வேறு ஒருவர் இல்லை.